கார் நின்றால் முதலில் யாரை இறக்குவது?

நீண்ட தூரப் பயணத்துக்கு முன் நாம் என்னென்ன சரிபார்க்கிறோம்? பிள்ளைகளின் துணிமணி, பட்டுச் சேலை, பலகாரம், டச் அண்ட் கோ அட்டையில் பணம், கைப்பேசி சார்ஜர். எல்லாம் சரியாக இருக்கும். எல்லாவற்றையும் சுமந்துகொண்டு ஓடப்போகும் காரை மட்டும் “அதெல்லாம் நல்லாத்தான் ஓடுது” என்று விட்டுவிடுவோம்.

நானும் அப்படித்தான் விட்டேன். அதன் விலை என்ன என்பதை ஈப்போவைத் தாண்டிய மலைப்பாதையில், அவசரத் தடத்தில் நின்றுகொண்டு கற்றுக்கொண்டேன். அடுத்த நீண்ட விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பவிருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் என் மடத்தனத்தை இங்கே எழுதுகிறேன்.

தங்கை மகளுக்குச் சுங்கைப் பட்டாணியில் நிச்சயதார்த்தம். மாலை 5 மணிக்குத் தட்டு மாற்றுவதாக ஏற்பாடு. நான் தாய்மாமன். நான் இல்லாமல் தட்டு மாறாது. எங்கள் வீடு கிள்ளானில். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு எஞ்சின் எண்ணெய் மாற்றப் பட்டறைக்குப் போயிருந்தேன். வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் தம்பி, போனட்டைத் திறந்து ரேடியேட்டரின் மேல் ஹோஸை விரலால் அழுத்திக் காட்டினான்.

“அண்ணே, இது உப்பிப் போயிருக்கு. ரப்பர் நைஞ்சு போச்சு. மாத்திடுங்க. சாமானும் கூலியும் சேர்த்து எண்பது வெள்ளி வரும். ஆனா சாமான் நாளைக்குத்தான் கிடைக்கும்.”

எண்பது வெள்ளி எனக்குப் பெரிதில்லை. மறுநாளும் வர வேண்டுமே என்பதுதான் சோம்பல். “ஊருக்குப் போயிட்டு வந்து பார்த்துக்கலாம்பா” என்றேன். அவன் மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை 7 மணிக்குக் கிளம்பினோம். நான், மனைவி, 11 வயது மகன், 7 வயது மகள், 72 வயது அம்மா. அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் வலி. பின்னிருக்கையில் கால் நீட்ட வசதியாகத் தலையணை வைத்து உட்கார வைத்தோம். தாப்பா ஓய்வுத்தளத்தில் பசியாறினோம். ஈப்போவைக் கடந்தபோது மணி பத்தரை.

வடக்கு நோக்கிப் போகிறவர்களுக்கு அந்தப் பாதை தெரியும். ஈப்போவை விட்டதும் சாலை மலையேறத் தொடங்கும். மெனோரா சுரங்கப்பாதையைத் தாண்டிக் கோலகங்சார் பக்கம் இறங்கும் வரை ஏற்றமும் வளைவும்தான். கனரக லோரிகள் இடப்பக்கத் தடத்தில் மூச்சு வாங்க ஏறும். நம் கார் நலமாக இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கும் இடம் அது. சமதரையில் நூறு நாள் மறைத்து வைத்த நோயை ஏற்றத்தில் கார் மறைக்க முடியாது.

முதலில் ஏர்கோன் குளிரவில்லை. “ஏங்க, காத்து சூடா வருது” என்றாள் மனைவி. வெயில் என்றேன். அடுத்து, லேசான இனிப்பு கலந்த ஒரு வாடை. முன்னால் போகும் லோரியின் புகை என்றேன். மூன்றாவதாகத்தான் டாஷ்போர்டைப் பார்த்தேன். வெப்பமானி முள் சிவப்புக் கோட்டைத் தொட்டிருந்தது.

அந்த நிமிடத்தில் என் மனம் போட்ட கணக்கு இதுதான்: கோலகங்சார் டோல் அதிக தூரமில்லை, ஓட்டிப் போய்விடலாம். மாலை தட்டு மாற்ற வேண்டும். நடுவழியில் நின்றால் மானம் போகும். அப்படியே இன்னும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டினேன். போனட்டின் ஓரத்திலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. மகள் அழத் தொடங்கினாள். “நிறுத்துங்க! இப்பவே நிறுத்துங்க!” என்று மனைவி கத்திய பிறகுதான் இடப்பக்கம் ஒதுங்கினேன்.

அந்த இரண்டு கிலோமீட்டர் எவ்வளவு பெரிய சூதாட்டம் என்று பிறகுதான் புரிந்தது. கூலண்ட் வெளியேறிவிட்ட எஞ்சினைத் தொடர்ந்து ஓட்டினால், சிலிண்டர் ஹெட் சூட்டில் வளைந்துவிடும். ஹெட் கேஸ்கெட் வெடித்துவிடும். ஒரு ரப்பர் குழாயோடு முடிய வேண்டிய செலவு ஆயிரக்கணக்கில் போய் நிற்கும்.

நின்ற பிறகும் தவறுகள் தொடர்ந்தன. அபாய விளக்கைப் போட்டேன்; அது ஒன்றுதான் சரி. பிறகு பெரிய மெக்கானிக் போலப் போனட்டைத் திறந்து, தண்ணீர்ப் போத்தலோடு ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனேன். நல்ல வேளையாக, சூடு தாங்காமல் கையை இழுத்துக்கொண்டேன். ரேடியேட்டருக்குள் இருக்கும் நீர் அழுத்தத்தில் இருப்பதால் நூறு டிகிரிக்கு மேல் போனாலும் கொதிக்காமல் அடங்கியிருக்கும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் விலகி, அத்தனையும் கொதித்து முகத்தில் பீய்ச்சி அடிக்கும். எஞ்சினை நிறுத்தி, குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் அதற்கும் மேலே, ஆறவிட வேண்டும். கொதிக்கும் எஞ்சின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றுவதும் கூடாது. திடீர்க் குளிர்ச்சியில் உலோகம் விரிசல் விடலாம்.

மனைவி பிள்ளைகளை இடப்பக்கக் கதவு வழியாக இறக்கி, தடுப்புக் கம்பிக்கு அப்பால் புல்மேட்டுக்குக் கூட்டிப் போய்விட்டாள். அம்மா மட்டும் இறங்கவில்லை.

“இந்த முட்டிய வச்சிக்கிட்டு அந்தக் கம்பிய எப்படிடா தாண்டுறது? வெயில் வேற. நான் இங்கேயே உட்கார்ந்துக்கிறேன்.”

“சரிம்மா, கண்ணாடிய இறக்கி விடுறேன்” என்றேன். அம்மாவுக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று நினைத்தேன். பாசம் என்றுதான் நினைத்தேன்.

அப்போது ஓர் இழுவை லோரி எங்களுக்கு முன்னால் வந்து நின்றது. நாங்கள் யாரையும் அழைத்திருக்கவில்லை. இறங்கி வந்தவர் என் காரைச் சுற்றிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, எஞ்சின் போய்விட்டது என்றார். இங்கே நின்றால் போலீஸ் சம்மன் கொடுக்கும், ஈப்போவில் தெரிந்த பட்டறை இருக்கிறது, 450 வெள்ளிக்குக் கொண்டுபோய் விடுகிறேன் என்றார். கையில் கொக்கியோடு குனிந்தே விட்டார்.

நான் தலையாட்டும் நிலையில்தான் இருந்தேன். மானமும் அவசரமும் ஒன்று சேர்ந்தால் மனிதனுக்குப் பேரம் பேசத் தோன்றாது. மனைவி கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டாள்: “இவர யார் கூப்பிட்டது?”

அந்தக் கேள்விதான் என்னை நிதானத்துக்குக் கொண்டு வந்தது. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் பழுதாகி நிற்பவர்கள் அழைக்க வேண்டிய எண் பிளஸ் நிறுவனத்தின் 1800-88-0000. மனைவி அதைக் கைப்பேசியில் சேமித்து வைத்திருந்தாள். அழைத்தோம். சாலையோரத்தில் இருந்த கிலோமீட்டர் பலகையின் எண்ணையும், எந்தத் திசை நோக்கிப் போகிறோம் என்பதையும் கேட்டார்கள். வயதானவரும் பிள்ளைகளும் இருக்கிறார்களா என்றும் கேட்டார்கள். ரோந்து வண்டி வருகிறது, அதுவரை யாரையும் காரை இழுக்க விடாதீர்கள் என்றார்கள். நான் போனில் பேசுவதைப் பார்த்ததும் அந்த லோரிக்காரர் மறு பேச்சில்லாமல் கிளம்பிவிட்டார்.

ஏறக்குறைய அரை மணி நேரத்தில் ரோந்து வண்டி வந்தது. இறங்கிய மலாய் இளைஞர் முதலில் கூம்புகளை எடுத்து வைத்தார். பிறகு என்னிடம் வந்தார். எஞ்சினைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். அவர் பின்னிருக்கையைப் பார்த்தார்.

“அபாங், மக்சிக் ஏன் இன்னும் உள்ளே இருக்காங்க?” என்று மலாயில் கேட்டார்.

முட்டி வலி என்றேன். அவர் பதில் சொல்லாமல் எங்களைக் கடந்துபோன ஒரு லோரியைக் கை காட்டினார். அதன் இடப்பக்கச் சக்கரங்கள் அவசரத் தடத்தின் வெள்ளைக் கோட்டை மிதித்தபடி ஏறிக்கொண்டிருந்தன. அது கடந்த வேகத்தில் எங்கள் கார் அம்மாவோடு சேர்ந்து ஆடியது.

“ஓட்டுநர் ஒரு நொடி கண் அசந்தா போதும். காடி போனா வேற வாங்கலாம்” என்றார் அவர்.

அத்தனை நேரமும் அந்தப் பிள்ளை சொன்னது எனக்குத் தெரியாமல் இல்லை. அவசரத் தடத்தில் நின்ற வாகனத்தை லோரி மோதியது என்ற செய்தியை இதே நாளிதழில் எத்தனை முறை படித்திருக்கிறேன்! தெரிந்தும், அம்மாவை உள்ளேயே உட்கார வைத்தேன். ஏனென்றால், அந்த அரை மணி நேரமும் நான் பார்த்துக்கொண்டிருந்தது காரை.

கூலர் பாக்ஸை எடுத்துத் தடுப்புக் கம்பியோரம் படியாக வைத்தோம். அம்மாவைக் கம்பியின் மேல் உட்கார வைத்து, நான் தோளைப் பிடிக்க, அவர் ஒவ்வொரு காலாக மெதுவாகத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. முடியாது என்று நாங்கள் விட்டுவிட்ட வேலை அது.

காருக்கு நேர் முன்னால் நிற்க வேண்டாம் என்று எங்களைப் பின்பக்கமாகத் தள்ளி நிற்க வைத்தார். பின்னாலிருந்து ஏதாவது மோதினால் நிற்கும் கார் முன்னோக்கித்தான் பாயும். இதுவும் அன்று கற்ற பாடம்.

நெடுஞ்சாலை நிறுவனத்தின் இழுவை லோரி வந்து, கட்டணம் எதுவும் வாங்காமல் காரைக் கோலகங்சார் டோல் சாவடிக்குக் கொண்டுபோய் விட்டது. அம்மாவையும் பிள்ளைகளையும் ரோந்து வண்டியிலேயே ஏற்றிக்கொண்டார்கள். அங்கிருந்து காப்புறுதி நிறுவனத்தின் சாலை உதவி எண்ணுக்கு அழைத்தோம். எங்கள் காப்புறுதியில் குறிப்பிட்ட தூரம் வரை இலவசமாக இழுத்துச் செல்லும் வசதி இருந்தது. நான்கு ஆண்டுகளாக அதற்குப் பணம் கட்டி வந்திருக்கிறேன். அப்படி ஒன்று இருப்பது அன்றுதான் எனக்கே தெரியும்.

பட்டணத்துப் பட்டறையின் சீனத் தவுக்கே போனட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். உப்பியிருந்த அதே ஹோஸ்தான், நீளவாக்கில் பிளந்திருந்தது. எண்ணெய்க் கம்பியை உருவிப் பார்த்தார். எண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தால் பால் தேநீர் நிறத்துக்கு மாறியிருக்கும். மாறவில்லை. “உனக்கு நல்ல நேரம்” என்றார். பிறகு ரேடியேட்டருக்குள் பார்த்துவிட்டு, “கூலண்டுக்குப் பதிலா பைப் தண்ணியா ஊத்துற?” என்று கேட்டார். துரு படிந்திருந்தது. நான் எதுவும் பேசவில்லை. ஹோஸ் 45, கூலண்ட் 60, கூலி 40. மொத்தம் 145 வெள்ளி.

சாமான் வரச் சிறிது நேரம் ஆகும் என்றார். அம்மாவைப் பட்டறை வாசலில் உட்கார வைக்க மனமில்லாமல், வாடகைக் கார் பிடித்துச் சாப்பிடப் போனோம். வழியில் மாவட்ட அலுவலகத்துக்கு அருகே ஒரு பெரிய மரத்தைப் பார்த்து அம்மா நிறுத்தச் சொன்னார். 1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட ரப்பர் கன்றுகளில் எஞ்சி நிற்பதாகச் சொல்லப்படும் மரம். அம்மா இருபத்தைந்து ஆண்டுகள் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். இறங்கி நின்று அதை மேலும் கீழும் பார்த்தார்.

“ஒரு நாள் விட்டு ஒரு நாள்தாண்டா வெட்டுவோம். மரமா இருந்தாலும் அதுக்கும் ஓய்வு வேணும். பட்டை எப்படி இருக்குன்னு தடவிப் பார்த்துத்தான் கத்தி வைப்போம். நீ அந்தக் காடிய என்னைக்காவது தொட்டுப் பார்த்திருக்கியா?”

பட்டறைத் தம்பி சொன்னதைப் பற்றி நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை கேட்கவுமில்லை.

தங்கைக்குத் தகவல் சொல்லவும் எனக்குக் கூச்சம். மதியம் ஒரு மணிக்குத்தான் அழைத்தேன். “அண்ணே, இத மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே? தட்டு எங்கேயும் போயிடாது. நீங்க எல்லாரும் முழுசா வந்தா போதும்” என்றாள். மூன்றே காலுக்குக் கிளம்பி, ஐந்து மணி பத்து நிமிடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். முகம் கழுவி, சட்டை மாற்றும் வரை இருபது நிமிடம் காத்திருந்து தட்டு மாற்றினார்கள். நான் பயந்தது அவ்வளவுதான். அந்த இருபது நிமிடத்துக்காகத்தான் எஞ்சினை எரிக்கவும், முன்பின் தெரியாதவரிடம் காரைக் கொடுக்கவும் துணிந்தேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சில பழக்கங்கள் வந்துவிட்டன. நீங்களும் செய்து பாருங்கள்.

நீண்ட பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே காரைப் பட்டறையில் காட்டுங்கள். முதல் நாள் காட்டினால், கோளாறு தெரிந்தாலும் சாமான் வாங்க நேரமிருக்காது. ரேடியேட்டர் ஹோஸ்கள், பெல்ட், பிரேக், கூலண்ட் அளவு ஆகியவற்றைப் பெயர் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். பேட்டரி வாங்கி இரண்டு ஆண்டு ஆகியிருந்தால் அதையும் சோதிக்கச் சொல்லுங்கள். நம் நாட்டு வெப்பத்தில் பேட்டரி நீண்ட நாள் தாங்காது. கிளம்பும் நாள் காலை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கூலண்ட் அளவை நீங்களே ஒரு முறை பாருங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது. பூ நன்றாகத் தெரிந்தாலும் ரப்பருக்கு வயதாகும். மாற்று டயர் இருக்கிறதா என்றும் பூட்டைத் திறந்து பாருங்கள். புதிய கார்கள் சிலவற்றில் மாற்று டயரே கிடையாது. ஒட்டும் மருந்தும் காற்றடிக்கும் சிறு கருவியும்தான் இருக்கும்.

ஓடும்போது டாஷ்போர்டு சொல்வதைக் கேளுங்கள். இப்போதைய சிறிய கார்கள் பலவற்றில் வெப்பமானி முள் இல்லை. நீல விளக்கு எஞ்சின் இன்னும் சூடேறவில்லை என்பதற்கு, சிவப்பு விளக்கு அளவு மீறிவிட்டது என்பதற்கு. சிவப்பு வந்தால் பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்துங்கள். பேட்டரி விளக்கு எரிந்தால் கதை வேறு: ஏர்கோன், வானொலி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, எஞ்சினை நிறுத்தாமல் அடுத்த ஓய்வுத்தளத்துக்கோ டோலுக்கோ போய்ச் சேரப் பாருங்கள். நிறுத்திவிட்டால் மறுபடி கிளம்பாமல் போகலாம்.

நின்றுவிட்டால், வரிசை இதுதான். அபாய விளக்கு. எல்லோரும் இடப்பக்கக் கதவு வழியாக இறங்கி, தடுப்புக் கம்பிக்கு அப்பால், காருக்குப் பின்பக்கமாகத் தள்ளி நிற்பது. அதன் பிறகு தொலைபேசி. பாதுகாப்பாக முடிந்தால் மட்டும், கம்பிக்கு அப்பாலேயே நடந்து போய், குறைந்தது 50 மீட்டர் பின்னால் எச்சரிக்கை முக்கோணத்தை வைப்பது. போனட்டைத் திறப்பது கடைசி. அதுகூட உங்கள் வேலையாக இல்லாமல் இருப்பது நல்லது. அழைக்காமல் வரும் இழுவை லோரியிடம் “உதவி வந்துக்கிட்டு இருக்கு, நன்றி” என்று மட்டும் சொல்லுங்கள்.

நெடுஞ்சாலை உதவி எண்ணையும் காப்புறுதியின் சாலை உதவி எண்ணையும் கார் ஓட்டுபவர் மட்டும் வைத்திருந்தால் போதாது. பக்கத்தில் உட்காருபவரிடமும் இருக்க வேண்டும். நீங்கள் வேறு நெடுஞ்சாலையில் போகிறீர்கள் என்றால், அந்தச் சாலைக்குரிய எண் எது, இழுத்துச் செல்லும் வசதி உண்டா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். காப்புறுதி எத்தனை கிலோமீட்டர் வரை இலவசமாக இழுத்துத் தரும் என்பதையும் பத்திரத்தில் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. வீட்டில் முட்டி வலியுள்ள அம்மா, நடக்க முடியாத தாத்தா, கைக்குழந்தை இருந்தால், அவர்களை யார் இறக்குவது, எப்படி இறக்குவது என்று கிளம்பும் முன்பே பேசி வையுங்கள். எங்கள் காரில் இப்போது ஒரு சிறிய பிளாஸ்டிக் முக்காலி எப்போதும் இருக்கிறது. கடையில் 12 வெள்ளி. அதற்கு இன்னும் வேலை வரவில்லை. வராமலே இருக்கட்டும்.

சென்ற மாதம் மறுபடி சுங்கைப் பட்டாணிக்குப் போனோம், கல்யாணத்துக்கு. கிளம்பும் காலையில் நான் போனட்டைத் திறந்து ஹோஸை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அம்மா வாசலில் நின்று கேட்டார்: “முக்காலிய எடுத்து வச்சிட்டியா?”

வைத்துவிட்டேன் என்றேன். அதன் பிறகுதான் காரில் ஏறினார்.